‘ஒரு கை போதும்’ என்ற விளம்பரம்

மார்ச் 10, 2024
பத்து நாள் யோசித்து, கடைசியில் அந்த லாரி கேமை வாங்கி லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். விளம்பரத்தில் ஒரு ஆள் இடது கையால் மட்டும் மலைப்பாதையில் ஓட்டுகிறான். வலது கையில் டீ டம்ளர். கீழே கொட்டை எழுத்தில் “ஒரு கை போதும்!”. பார்த்ததும் வீட்டுக்காரர் ஞாபகம்தான். பதினோரு வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். சத்தீஸ்கரில் கம்பிக்கயிற்றில் சிக்கி வலது கை மணிக்கட்டோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதன்பிறகு வாசலைத் தாண்டுவதே அபூர்வம்.
“லாரியா?” என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

மார்ச் 13
இன்னும் முதல் மலையே ஏறவில்லை. வளைவில் கவிழ்கிறது.

மார்ச் 16
லேப்டாப்பை மூடி வைத்துவிட்டார். “உட்டுரு நர்மதா. வெளையாட்டுக்குக்கூட நா ஆகமாட்டேன்.”
சோறும் சரியாகத் தின்னவில்லை. நான் எதற்கு வாங்கினேன்? சும்மா இருந்த மனுசனை —

மார்ச் 17
ஞாயிற்றுக்கிழமை. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நானே ஆடிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு மவுஸ். கியருக்கும் பிரேக்குக்கும் கீபோர்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்காவிட்டால் எந்த வளைவிலும் வண்டி நிற்காது. மாற்றிக்கொள்ள வழியும் வைக்கவில்லை. அப்படியென்றால் இவர்மேல் என்ன குறை? பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள்.
“ஏனுங்க, இதை யாராலயும் ஒத்தக் கையில ஓட்ட முடியாதுங்க” என்றேன். “சமாதானம் சொல்லாத” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.
விளம்பரத்தை முழுதாகப் பதிவு செய்து, பில்லோடு சேர்த்து வைத்துவிட்டேன். நாளைக்கே அதை எடுத்துவிட்டால்?

மார்ச் 26
கேம் கம்பெனிக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது: “விளம்பரக் காட்சிகள் கற்பனையானவை. நிபந்தனைகளில் தெரிவித்துள்ளோம்.” தேடினேன். நாற்பத்திரண்டாவது பத்தியில், எறும்பு எழுத்தில்.
நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். அவர்கள் கேட்டதற்கும் கம்பெனி இதையே அனுப்பியிருக்கிறது. நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை என்றார் போனில் பேசிய அம்மா. கொடுக்கத்தான் போகிறேன்.

ஏப்ரல் 22
புகார் கொடுத்தாயிற்று. நான்கு பக்கம். என் கையால் எழுதியது.

ஜூலை 18
முதல் வாய்தா. வெளியே வந்ததும் கம்பெனி வக்கீல், “கேமுக்குக் கட்டுன பணத்தைத் திருப்பிக் குடுத்தர்றோம். வாபஸ் வாங்கிக்குங்கம்மா” என்றார்.
“விளம்பரத்தை எடுப்பீங்களா?”
“அது கம்பெனி முடிவுங்க.”
“அப்ப வேண்டாங்க.”
நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீசுக்குத் திரும்பியதும் முதலாளி அப்புசாமி அண்ணன், “காசு வருதுன்னா வாங்கிட்டுப் போயேன் சாமி, எதுக்கு அலையறே?” என்றார். கைவிட்டுப்போன காசுக்காகவா அலைகிறேன்? அடுத்த வாய்தாவுக்கு விடுப்பு மட்டும் கேட்டேன். கொடுத்தார்.

நவம்பர் 11
கம்பெனியின் எழுத்துப்பூர்வ பதில் வந்தது. “புகார்தாரரின் கணவருக்குப் போதிய பயிற்சி இல்லாததே காரணம்.” மறைக்க நினைத்தேன். அதற்குள் வாங்கிப் படித்துவிட்டார். இரண்டு தடவை படித்தார்.
“அடுத்த வாய்தா என்னிக்கு?”
சொன்னேன்.
“நானும் வாரேன்.”

நவம்பர் 26
இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.
கையைத் துண்டால் மூடாமல்தான் வந்தார். பஸ்ஸிலும் அப்படியே. எங்கள் முறை வந்ததும் எழுந்து நின்றார். “ஐயா, நாந்தானுங்க அறிவழகன். பழக்கமில்லாதவன்னு எழுதியிருக்காங்க. சரிங்க. நல்லாப் பழகுனவரு ஒருத்தர ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”
வக்கீல் ஆட்சேபித்தார். ஆணையத் தலைவர் அதை ஏற்கவில்லை. லேப்டாப்பை மேசையில் வைத்தோம். கம்பெனியிலிருந்து வந்திருந்த அதிகாரி உட்கார்ந்தார். அந்த கேமைச் செய்த குழுவிலேயே இருந்தவராம். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினார். இரண்டாவது வளைவில் கவிழ்ந்தது. மறுபடியும். மூன்றாவது தடவை மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.
“ஒரு கையில் முடியுமா, முடியாதா?” என்றார் தலைவர்.
“முடியாது சார்.”
வீட்டுக்காரர் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.
வெளியே வந்து, “எட்டு மாசமா எனக்குத்தான் ஆகலேன்னு நெனச்சுட்டு இருந்தேன் புள்ள” என்றார். நான் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன்.

ஜனவரி 7, 2025
வழக்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பரவாயில்லை. மறுபடியும் போவேன்.

பிப்ரவரி 20
உத்தரவு! தவறான விளம்பரம் என்று சொல்லிவிட்டார்கள். அதை நிறுத்த வேண்டும். “இதை ஆட இரண்டு கைகளும் தேவை” என்று, பழைய விளம்பரம் வந்த இடங்களிலெல்லாம் திருத்தம் போட வேண்டும். பணமும், மன உளைச்சலுக்கு ஈடும் தனி. திருத்தத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தோம்.

ஏப்ரல் 2
திருத்தம் வந்து பத்து நாள். வேலை முடிந்து வந்தால் இவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். திருத்தத்தைப் பார்த்து, நம்பர் விசாரித்துக் கூப்பிட்டவர், கெங்கவல்லியில் பொன்னன் என்று ஒருவராம்; மக்காச்சோளம் அடிக்கும் மிஷினில் கை போனவர். வேறு ஒரு கேம், அவரையும் இதேபோல் ஏமாற்றியிருக்கிறார்கள். ஆணையத்துக்கு எழுதவே பயப்படுகிறாராம்.
“பயப்படாதீங்க. ஞாயித்துக்கெழம நானே வாரனுங்க. உக்காந்து எழுதிரலாம்.”
சேலம், ஆத்தூர், அப்புறம் கெங்கவல்லி. பஸ் மாறி மாறிப் போக வேண்டும். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.
“நீ எதுக்கு? ஒத்தையிலயே போயிருவேன்” என்றார்.