உதுக்கு இங்கிலீசில் என்ன?

14 நவம்பர் 94, திங்கள்

காலை முழுக்க ஈரப் பனி. பார்க்டேலில், புதிதாய் நாட்டுக்கு வந்த சனத்துக்கு இங்கிலீஸ் படிப்பிக்கும் வகுப்பில் எனக்கு இரண்டாம் வாரம். சப்பாத்துக்குள் தண்ணீர். ஹீட்டரில் காயப்போட்டுவிட்டு வெறும் காலுறையோடு நின்று பாடம். ஒருவரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. நல்ல சனம்.

பாடம்: திஸ், தட். ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் சிவபாலன் அண்ணை என் கையில் இருந்த வெண்கட்டியைக் காட்டி, "ரீச்சர், உதுக்கு இங்கிலீசிலை என்ன?"

"சோக்."

"சோக் எனக்குத் தெரியும். உது எண்டுறதுக்கு?"

என்னிடம் இருப்பது இது, தூரத்தில் இருப்பது அது, எதிரில் நிற்பவரிடம் இருப்பது உது. யாழ்ப்பாணத்தில் இத்தனை காலம் இங்கிலீஸ் படிப்பித்தேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"தட்தான் அண்ணை."

"அப்ப அதுக்கு?"

"அதுக்கும் தட்தான்."

"பஞ்சம் பிடிச்ச பாஷையாக் கிடக்கு."

வாசலில் பொறுப்பாளர் மார்கரெட். வகுப்பில் இங்கிலீஸ் மட்டும்தான் என்றார். வியாழன் வந்து பின்வரிசையில் இருந்து பார்ப்பாராம். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் திரும்ப மஃபின் பக்டரி.

வாங்க: பால், பாண், சப்பாத்து (மலிவு விற்பனை வந்தால்).

15, செவ்வாய்

யூக்கோ இன்றும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் ஒரே ஜப்பான்காரி. எது கேட்டாலும் தலையாட்டல், சிரிப்பு. எழுத்து மட்டும் முத்து முத்தாக. வந்த நாள் தொட்டு இப்படித்தான். மார்கரெட்டுக்கு என்ன காட்டுவது?

வீட்டில் என் மனுசன் சொல்கிறார்: "வியாழக்கிழமை மட்டும் தமிழை வீட்டிலை வைச்சிட்டுப் போம்." பகிடிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம். பக்டரியில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. "லைன் டூ" என்றுதான் கூப்பிடுவார்கள்.

பால் மறந்துபோச்சு.

17, வியாழன்

மார்கரெட் பின்வரிசையில். சோக் இரண்டு தரம் கை தவறி விழுந்தது.

யூக்கோவின் குடையைக் காட்டி ஒரு வசனம் சொல்லச் சொன்னேன். சிவபாலன் அண்ணை எழும்பினார். "திஸ் இஸ்..." நிறுத்தினார். "தட் இஸ்..." திரும்ப நிறுத்தினார். பிறகு யூக்கோவைப் பார்த்து, "இல்லைப் பிள்ளை, உது" என்றார்.

சரி, போச்சு என்று நினைத்தேன்.

யூக்கோ அவரையே பார்த்தபடி இருந்தாள். தன் குடையைத் தொட்டு, "கோரே." அவருடைய எழுதுகிற கொப்பியைக் காட்டி, "ஸோரே." யன்னலுக்கு வெளியே காட்டி, "ஆரே."

"இது, உது, அது," என்றார் அண்ணை. "இவையளுக்கும் மூண்டு, ரீச்சர்."

யூக்கோ மெல்ல எழும்பி நின்றாள். "இங்கிலீஸ்... ஒன்லி டூ. வெரி டிஃபிகல்ட்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவள் பேசிய முதல் இங்கிலீஸ். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மார்கரெட் சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதினார்.

18, வெள்ளி

மழை. மார்கரெட் அறைக்குக் கூப்பிட்டார். இருக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பேசவைத்துவிட்டாய், வேலை உனக்குத்தான் என்றார். பிறகு விரலை நீட்டி, இனிமேல் வகுப்பில் ஒரு சொல் தமிழும் கூடாது, சரியா என்று கேட்டார்.

யெஸ் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்" என்றேன்.