வேறு படகின் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

இங்கே கவாலா துறைமுகத்தில், மீன் வியாபாரி ஸ்டமாத்தியா அக்கா என் கையில் ஒரு ஸ்கேனரைக் கொடுத்திருக்கிறார். படகுக்காரர்கள் ரேடியோவில் பேசுவதை அதில் கேட்டு, எந்தப் படகு வருகிறது என்று நான் சொன்னால் ஐஸ் வண்டி கிளம்பும். அதில் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. எனக்கு அது வசதிதான்.

செவ்வாய்க்கிழமை அதில், படகிலிருந்து பேசும் அப்பாவின் குரல் போலக் கேட்டது. "எம் பொண்ணு இந்த ஊர்லதான் வேலை பாக்குறா."

"அப்ப எறங்கிப் பாத்துட்டு வாயேன்யா" என்றார் இன்னொருவர்.

உடனே கரகரப்போடு பதில் வந்தது: "அது இனி எதுக்கும் ஆகாது. தூக்கிக் கடல்ல போடு."

அப்பா என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் அழுததைப் பார்த்து அக்கா சிரித்தார். "அடி அசடே, அது வேற படகு, வேற சேனல். எவனோ கெட்டுப்போன தூண்டில் இரையைச் சொல்றான். இந்த ஸ்கேனர் ஒரு சேனல்ல நிக்காது, தாவிக்கிட்டே இருக்கும். நீதான் பட்டனை அழுத்தி நிறுத்தணும்."

அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்பா கரைக்கு வரவில்லையே. நான் படிப்பை விட்டு வந்ததில் அவருக்கு இன்னும் கோபம் இருக்கிறதா? அது அப்பாதானா? ஒன்றும் புரியவில்லை.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் ஆலிவும் கொடுத்தனுப்பு. அப்பாவிடமே கொடுத்தாலும் சரி. ஐஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது, போக வேண்டும். அன்றைக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் கேட்டு எழுது.

உன் மகள்
அசிமினா