ரோவன் வேண்டுமென்று செய்யவில்லை

அன்பு மெரின் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ரோவனும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் ஆண்டர்ஸும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று அடுப்பு மூட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இங்கே ஆப்பிள் பறிப்பு பாதி முடிந்துவிட்டது, ஆற்றோரம் முழுக்க அந்த வாசனைதான். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஏணியில் ஏறாதீங்க என்றால் கேட்கிற ஆளா அவர். போனில் ரோவன் விஷயத்தைப் பாதி சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டேன், உன் குரல் இறுகிப் போனது எனக்குத் தெரிந்தது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன், இடையில் நிறுத்தாமல் படி.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் படகுத்துறைப் பையன்கள் இரண்டு பேர், திருடின படகு எஞ்சின்களை நம் ஷெட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, நீ எங்க தோஸ்துதானே, கொஞ்ச நாள் வெச்சுக்கடா என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். தோஸ்து என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் நம் ரோவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். போலீஸ் வந்து நீயும் கூடப் போனியா என்று கேட்டதற்கு ஆமா என்றான், பூட்டை நீதான் உடைச்சியா என்றதற்கும் ஆமா என்றான். எஞ்சின் திருடு போன அந்தச் சாயங்காலம் அவன் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான் மெரின். ஏண்டா அப்படிச் சொன்னே என்று கேட்டால், ஆமான்னு சொன்னா அவங்க சிரிச்சாங்க, சீக்கிரம் வீட்டுக்கு விட்டுருவாங்கன்னு நெனச்சேன் என்கிறான். அவனுக்காக வந்த வக்கீல் பெண் இமோஜென் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில், எதுவுமே அவன் மனதறிந்து சொன்ன பொய் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இவனை யாராவது டாக்டரிடம் காட்டியிருக்கீங்களா என்று கேட்டாள். அவனுக்குப் பத்தொன்பது வயதாகிறது, பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் கூடக் கேட்காத கேள்வி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பழைய நினைப்புதான். மூன்று வயதில் அவனை வளர்க்க நம் வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா, உனக்கு ஒன்பது, உன் கம்பளிக் குல்லாயைக் கழற்றி அவன் தலையில் வைத்தாய், அது மூக்கு வரைக்கும் இறங்கியது. காலையில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதற்குள் நான் நூறு தடவை கத்துவேன், நீதான் எதிரே உட்கார்ந்து, சாக்ஸ் போடு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாய், அவன் போட்ட பிறகுதான் ஷூ என்பாய். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் குழம்பிவிடுவான் என்று உனக்கு எப்படித் தெரிந்ததோ. பெரிய மனுஷன் மாதிரி வாய் நிறையப் பேசுவான், அதனாலேயே எல்லாம் புரிகிறது என்று எல்லாரும் நினைத்தோம். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்றைக்கு இருக்காது, டீச்சர் திமிர் என்பாள், சோம்பேறி என்பாள். ஜனவரிக் கோடையில் கடற்கரைக்குப் போனால் அலை ஒதுக்கின நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரில் விடுவானே, சூரியன் சாய்ந்தாலும் வரமாட்டான், நீயும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே நிற்பாய். அந்த வருஷங்கள் எவ்வளவு நல்ல வருஷங்கள் என்று அப்போது தெரியவில்லை.

ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நாள் கணக்கில் சோதித்துவிட்டு, இவன் வயிற்றில் இருந்தபோது பெற்றவள் குடித்தாளா என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார்கள். அதை அவனைப் பெற்ற டெனீஸிடம் போய் நான் எப்படிக் கேட்பேன். பர்னி ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள், குடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவளே நிறுத்தினாள். நீ கேக்க வந்தது எனக்குத் தெரியும் லோர்னா, இத்தனை வருஷமா யாரும் கேக்கலியேன்னுதான் இருந்தேன் என்றாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, நம் ரோவனுக்கு இப்போது இருக்கிற வயது. மதுக்கடையில் வேலை, வீட்டில் அடிக்கிறவன், குடித்தால்தான் தூக்கம். வயிறு தெரிகிற வரைக்கும் பிள்ளை உண்டானதே தெரியவில்லையாம். தெரிந்ததும் டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள், ராத்திரி ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சா ஒண்ணும் ஆகாது, மனசு லேசாகும்னாங்க, ஒரு கிளாஸோட நிறுத்தத் தெரிஞ்சவளா இருந்தா நான் ஏன் அங்க போறேன் என்றாள். விட முயன்று கை நடுங்கியபோது போய் நிற்க ஓர் இடம் இல்லை. அவளைத் திட்டவேண்டும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் பிடித்து ஹோபார்ட்டுக்கு வந்து, ரோவனும் அறையில் இருக்கணும் என்று சொல்லி, அவன் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, எனக்கு இப்படி ஆகணும்னு குடிச்சியா என்று கேட்டான். இல்லப்பா, சத்தியமா இல்ல, தெரியாது என்றாள். சரி அப்போ, நீ சாப்பிட்டியா, கீழே சிப்பிக்கறி உள்ளே வெச்சுச் சுட்ட ஸ்காலப் பை விக்கிறாங்க என்றான். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருவில் இருக்கும்போது மது பட்டதால் மூளை வளர்ச்சியில் வந்த குறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எஃப்.ஏ.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மருந்து சாப்பிட்டுப் போகிற நோய் இல்லை. கண் தெரியாதவனை உத்துப் பாருடான்னு அடிச்சு என்ன பிரயோஜனம், அவனுக்குத் தகுந்த மாதிரி நாமதான் வழியைச் சீராக்கித் தரணும் என்றார் டாக்டர். வழக்கும் நிற்கவில்லை, டாக்டர் எழுதினதைப் பார்த்துப் போலீஸே திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது பைபஸ் குடும்பத்தாரின் தோட்டத்தில் ஆப்பிள் பெட்டி கழுவுகிறான், தினமும் அதே இடம், அதே வேலை, அதே ஆள் மேற்பார்வை. முதல் மாதத்தைத் தாண்டிவிட்டான்.

உன் சின்னப் படகை எவனோ கேட்டான் என்று தூக்கிக் கொடுத்தானே, அதிலிருந்துதான் நீ அவனோடு பேசுவதை விட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உழைத்து வாங்கின படகு, யாருக்கும் வயிறு எரியும். போன வாரம் அவனாக வந்து, மெரினுக்கு எழுதும்மா, எனக்கு வருத்தம்னு எழுது என்றான். எதுக்குடா என்றேன். எந்தப் படகுன்னு நெனப்பு வரல, அவ அழுதது நெனப்பிருக்கு என்றான்.

இன்னொன்று, நீங்கள் இரண்டு பேரும் குழந்தைக்கு ஆசைப்படுகிறீர்கள் என்று சொன்னாய். அந்த எண்ணம் வந்த நாளிலிருந்தே ஒயினையும் பீரையும் ஒதுக்கி வை கண்ணு. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாதாம், எந்த மாதத்திலும் கிடையாதாம். ஆண்டர்ஸையும் கூடவே நிறுத்தச் சொல், நீ மட்டும் தண்ணீர்க் கிளாஸோடு உட்காரக் கூடாது. தெரியாமல் முன்னாலேயே குடித்திருந்தால் பயந்து மறைக்காதே, அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல். டெனீஸுக்குக் கிடைக்காத ஆள் துணை உனக்கு நிறைய இருக்கிறது.

நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நீங்கள் இருவரும் நீண்ட நாள் வாழவேண்டும், அப்பாவின் முத்தமும் என் ஆசீர்வாதமும். ஞாயிற்றுக்கிழமை ரோவனைக் கூப்பிடு. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் கேள். பதில் வரத் தாமதமாகும், லைன் போய்விட்டதோ என்று தோன்றும். அவன் யோசித்துக்கொண்டுதான் இருப்பான், வைத்துவிடாதே.

என்றும் உன் அம்மா,
லோர்னா