பத்தோடு வைத்த ஒரு வெள்ளி

6-8-84, திங்கள் இரவு

மூத்த பேரன் பினாங்கில் இன்ஜினியருக்குப் படிக்கிறான். அவன் தங்கை கிள்ளானில் நர்ஸ். கடைக்குட்டி கலா இந்த முறை வகுப்பில் மூன்றாவது.

கலாவுக்கும் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் நால்வருக்கும் எங்கள் வீட்டில்தான் டியூஷன். டீச்சருக்கு வீட்டுக்கு மாதச் சம்பளம் பத்து வெள்ளி. சைபரில் முடியக்கூடாதே என்று வெற்றிலையில் ஒரு வெள்ளி சேர்த்து வைத்தேன்.

இன்று பக்கத்து வீட்டு லெட்சுமி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நீங்க பதினொண்ணு குடுத்தா, டீச்சர் எங்ககிட்டயும் கேப்பாங்கல்ல பெரியம்மா? எம்மவ இனி வரமாட்டா லா."

"அது மரியாதைக்கு வச்சதுடி."

"மரியாதைக்கெல்லாம் எடுத்துக் குடுக்க எங்ககிட்ட டுயிட் இல்ல."

அடுத்த மாதம் அந்த ஒரு வெள்ளியை வைப்பதா, விடுவதா? அவள் மகள் கணக்கில் கெட்டிக்காரி. பினாங்குப் பேரனைத் தன் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டும். படித்தால் இப்படி வரலாம் என்று லெட்சுமியிடம் அதைக் காட்டியாவது அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.