மழையை நம்பி எழுதிய சொத்து

என் பிரியமானவருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். அங்கே குளிர் விட்டதா, உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். வேலை ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் நீள்கிறது, அடுத்த வருஷம் கண்டிப்பாக வந்துவிடுவேன் என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தீர்கள். படித்தேன், மடித்து வைத்தேன். உடனே பதில் போடாததற்கு வருஷக் கணக்கு முடிக்கும் வேலைதான் காரணம். சரி, கொஞ்சம் கோபமும்தான்.

எங்கள் குடைக் கம்பெனியை மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. மேகம் கூடும், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நிற்போம், அது பாட்டுக்குக் கலைந்து போய்விடும். கிடங்கில் இடமில்லாமல், விற்காத குடைகளை விரித்து என் கணக்கறைக் கூரையிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். காலையில் என் மேஜை நீலமாக இருக்கிறது, வெயில் ஏறினால் பச்சை, சாயங்காலம் செம்பருத்தி நிறம். அந்த வெளிச்சத்தில் நஷ்டக் கணக்குகூட அழகாகத்தான் தெரிகிறது.

பின்கட்டில் சோதனை அறை இருக்கிறதே, நினைவிருக்கிறதா? தைத்து முடித்த குடையைக் குழாய் மழைக்கு அடியில் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்க்கும் அறை. இப்போது சாப்பாட்டு நேரத்தில் தையல்காரப் பெண்கள் அங்கேதான் போய் உட்காருகிறார்கள். ஊரில் மழைச் சத்தம் கேட்கும் இடம் அது ஒன்றுதான். சில நாள் முதலாளியும் ஒரு நாற்காலியோடு வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாவமாக இருக்கும்.

இந்த வருஷக் கணக்கில் ஒரு சிக்கல். நீங்கள் இயந்திரக்காரர், உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கம்பெனி இன்று நஷ்டப்பட்டால், அதை நாளைய லாபத்தில் கழித்துக்கொண்டு வரியைக் குறைவாகக் கட்டலாம். அப்படி மிச்சமாகப்போகும் வரியை இன்றைக்கே ஒரு சொத்தாக எழுதி வைக்கலாம். ஒத்திவைத்த வரிச் சொத்து என்று அதற்குப் பெயர். கையால் தொட முடியாது, விற்க முடியாது. லாபம் வரும் என்று நம்புவதற்கு ஆதாரம் இருக்கும்வரைதான் அது சொத்து. தொடர்ந்து நஷ்டப்பட்ட கம்பெனி என்றால் ஆதாரம் இன்னும் கெட்டியாக வேண்டும். நாங்கள் வருஷா வருஷம் மழையை நம்பி எழுதிக்கொண்டே போனதில், எங்கள் சொத்திலேயே பெரியது இப்போது அதுதான். அதை எடுத்துவிட்டால் பேங்க் கடனைப் புதுப்பிக்காமல் போகலாம்.

ஆடிட்டர் வந்து ஆதாரம் கேட்டார். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? அவரைச் சோதனை அறைக்கு அழைத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். "இதே மாதிரி பெய்யும் சார், ஒரு தடவை பெஞ்சா போதும்" என்றாராம். ஆடிட்டர் நனைந்த காலுறையோடு வெளியே வந்து, "இது உங்க குழாய்த் தண்ணி. எனக்கு வாங்குறவங்க ஆர்டரைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரிப்பெல்லாம் பிற்பகல் வரைதான். லாபம் வரும் என்று முதலாளி தயாரித்த மதிப்பீட்டைப் பழைய வருஷங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை, வருஷத்தை மட்டும் மாற்றியிருந்தார். அதைப் பார்த்ததும் உங்கள் கடிதங்கள் ஞாபகம் வந்தன. மேஜை பச்சையாக இருந்தது, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த மதிப்பீட்டை வைத்துக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "உனக்கே நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டார். "நம்பிக்கை இருக்கு சார், காட்டுறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றேன். கடற்கரை விடுதிக்காரர்கள் வெயில் குடைக்கு எழுதிக் கொடுத்த ஆர்டர் ஒன்று இருந்தது. அதில் வரும் லாபம் தாங்கும் அளவுக்கு மட்டும் அந்த வரிச் சொத்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன். பேங்க் என்ன சொல்லுமோ தெரியாது.

அப்போ எல்லாம் போச்சா என்று முதலாளி கேட்டார். போகவில்லை. கணக்கிலிருந்து எடுத்தாலும் நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும், வருஷக் கடைசியில் எடுத்துப் பார்ப்போம், நல்ல ஆதாரம் வந்தால் திரும்ப மேலே ஏற்றலாம். ஆனால் அதற்கும் சட்டத்தில் ஒரு கெடு உண்டு, அதைத் தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். நீங்கள் போனதிலிருந்து உங்கள் பாதி காலியாகவே இருந்தது, மகளின் துணிகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. அவளை அங்கே அடுக்கிக்கொள்ளச் சொன்னேன். "அப்பா வந்தா எங்கேம்மா துணி வைப்பாரு?" என்று கேட்டாள். மேல் தட்டை மட்டும் உங்களுக்கு விட்டிருக்கிறேன். ஞாயிறு தவறாமல் பேசுகிறீர்கள், மகளின் பரீட்சைத் தேதிகூட மறப்பதில்லை. அந்த ஆதாரம் ஒரு தட்டைத் தாங்கும். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இனி அடுத்த வருஷம் என்று எழுத வேண்டாம். பயணச்சீட்டு வாங்கினால் அதன் நகலை அனுப்புங்கள், அன்றே அலமாரியை ஒழித்து வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிரில் தலையை மூடிக்கொண்டு போங்கள். வரும்போது குடை மட்டும் வாங்கி வராதீர்கள்.

உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது. அதன் கெடு எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன், வந்துவிடுங்கள்.

அன்போடு,
உங்கள் மனைவி