சவரியம்மாள் கொண்டுவந்த நல்லெண்ணெய்

1943, ஆவணி 12. வாடிப்பட்டி.

சண்டையால் கப்பல் வரவில்லை. மாதா கோயிலில் ஒலிவ எண்ணெய் தீர்ந்துவிட்டது. சாகக் கிடக்கும் புருஷனுக்குக் கடைசியாக எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் வேண்டி, சவரியம்மாள் ஒரு குப்பி நல்லெண்ணெயோடு வந்தாள். வெள்ளைக்காரச் சாமியார் மறுத்தார்; பூசுதலுக்கு ஒலிவ எண்ணெய்தான் ஆகுமாம். இங்கிலீஷில் ‘ஆயில்’ என்ற சொல்லே ஆதியில் ஒலிவ எண்ணெயைத்தான் குறித்ததாம். அதை அவளுக்குத் தமிழில் சொல்வது வாத்தியாரான என் தலையில் விழுந்தது.

“அப்ப நாங்க ஆட்டுனது எண்ணெய் இல்லையா, வாத்தியாரய்யா?”

நம் எண்ணெயும் ஆதியில் எள்ளின் நெய்தான் என்று சாமியாரிடம் சொன்னேன். தலையாட்டினார், எழுந்திருக்கவில்லை.

“இதை இனி வீட்டுக்குக் கொண்டுபோயி என்ன செய்ய” என்று குப்பியை என்னிடமே வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது அவள் புருஷன் இறந்துவிட்டான்.

மண்ணெண்ணெய் எங்கும் இல்லை. அந்தக் குப்பியை ஊற்றித்தான் இந்த விளக்கு எரிகிறது. கண் சொருகுகிறது. அணைக்கத்தான் கை வரவில்லை.