பாதி மாத்திரை

4 ஆகஸ்ட், திங்கள்
மழை. புனேயில் எங்கள் வாகட் பகுதி முழுக்கச் சேறு. பால் பாக்கெட் கிழிந்து வந்தது. பால்காரனை வாயால் திட்டியாயிற்று, இப்போது எழுத்தாலும்: திருட்டுப் பயல். ஆகா! எழுபத்தொரு வயதில், கீழே அடுக்குமாடிக் கிளப் ஹவுசில் வாண்டுகளோடு உட்கார்ந்து கற்ற எழுத்து. போசரி லேத் பட்டறையில் கடைசி வரை கைநாட்டு. இனி எவனும் என்னிடம் தப்ப முடியாது.

அடுத்தது மருமகள் மாலதி. ஆராய்ச்சிக்கூடத்தில் ஈஸ்ட் வளர்க்கிறாள். ரொட்டியை உப்ப வைக்குமே, அதுதான். அதற்குப் புற்றுநோய் மருந்து கொடுக்கிறாள். பிழைத்ததை மட்டும் எடுத்து அடுத்த குடுவையில் விட்டு, இன்னும் கொஞ்சம் கூடுதல் மருந்து. இப்படியே போய், கடைசியில் மருந்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விடும் ஜென்மம்.

எனக்கோ இரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை. என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு எதிரிக்குப் பயிற்சி!

"ஏன் அம்மிணி, எமனுக்கு டியூஷன் எடுக்கறயா?"

"எந்த வழியில தப்பிக்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்க மாமா அந்த வழிய அடைக்க முடியும்."

"அடைச்சுக் கிழிச்ச."

மகன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. தண்டம்.

6, புதன்
கொஞ்சம் வெயில். கால் வீக்கம். வாங்க: வெற்றிலை, நீலப் பேனா.

யாரிடமும் சொல்லாதது. போன மாதத்திலிருந்து பாதி மாத்திரைதான். முழுசாகப் போட்டால் நோய் பழகிக்கொள்ளும், அவள் ஈஸ்ட் மாதிரி. பாதி என்றால் ஏமாறும். மீதி சட்டைப் பைக்கு, பிறகு குப்பைக்கு. மாத்திரை எழுதித் தந்த டாக்டரம்மாவுக்கு இது தோன்றுமா?

9, சனி
நாசம். வாஷிங் மெஷினில் போட என் சட்டையை எடுத்த மாலதி பையைத் துழாவிவிட்டாள். உள்ளங்கையில் அரை மாத்திரைகள்.

"யாரு பாதி போடச் சொன்னாங்க?"

"நீதான். குடுவைக் கதை சொன்னது நீதானே?"

கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மாமா, எடுத்ததும் முழு மருந்து குடுத்தா ஈஸ்ட் எல்லாமே செத்துப்போயிரும். கத்துக்க ஒண்ணும் மிஞ்சாது. அதனாலதான் கொஞ்சமா ஆரம்பிக்கறேன். நான் குடுவைக்குள்ள பண்றத நீங்க ஒடம்புக்குள்ள பண்ணிப்போட்டீங்க."

மகன்: "அப்பா, பைத்தியமா உங்களுக்கு?"

உன்னை யாரடா கேட்டது.

சாப்பிடவில்லை. அவளும்தான்.

11, திங்கள்
பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். நர்ஸ் என்னை "ஆஜோபா" என்றாள். தாத்தாவாம். உன் தாத்தா எங்கேயோ, அங்கே போய்க் கூப்பிடு.

21, வியாழன்
மழை. முடிவு வந்தது. நோய் ஏறியிருக்கிறது. மாத்திரை இன்னும் கேட்குமா, இல்லை அது பழகிவிட்டதா, முழுசாகப் போட்டு மூன்று மாதம் பார்த்தால்தான் தெரியுமாம். பழக்கியது நான்.

காலையில் மாலதி தண்ணீரோடு எதிரில். முழு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினேன்.

"வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க."

"நீ என்ன போலீசா?"

"ஆமாங்க."

நாக்கைத் தூக்கிக் காட்டினேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தச் சனியன் வழிய காட்டுச்சா?"

"இன்னும் இல்லீங்க மாமா."

மழையில் போய்விட்டாள்.

அடே ஈஸ்ட், ஒழுங்காகப் படி. எந்தச் சந்தில் தப்புகிறாய் என்று அவளுக்குக் காட்டிக்கொடு. சீக்கிரம்.